கொழும்பிலிருந்து வரவேண்டிய பதில்

சிவமயம்

ஏழாலை,
14-1-1937

மருமகன் சீவரத்தினத்துக்கு மாமா அருளம்பலம் எழுதிக்கொள்வது.

நானும் உமது மாமி கனகாம்பிகையும் பாலேஸ்வரியும் இன்று காலை பொங்கிப் படைத்துவிட்டு, உம்மை நினைத்துக்கொண்டு இருக்கிறோம். தைப்பிங்கில் ஓயாத மழை என்று எழுதியிருந்தீர். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆசுபத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருக்கிறவருக்கு இதை நான் சொல்வது, எனக்கு என் பழைய மாணவன் இலக்கணம் சொல்லித் தருவதுபோல இருக்கும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பங்குனிக் கப்பலில் உமது மனைவியை அனுப்ப எல்லா ஆயத்தமும் நடக்கிறது. கல்யாணம் முடிந்து மூன்று வருடம் காத்திருந்த பிள்ளை. பெட்டியை இதற்குள் இரண்டு தரம் அடுக்கிக் குலைத்துவிட்டாள்.

இடையில் ஒரு சிறு தொல்லை. மார்கழியில் பாலேஸ்வரிக்கு வலப்பக்கக் கீழ்ப்பல் ஒன்று ஆடி நோவெடுத்தது. பட்டணத்தில் பல் வைத்தியர் சிமியோன் அதைப் பிடுங்கினார். பிடுங்கிய இடம் ஆறாமல் தசை வளர்ந்து நிற்கிறது. வெளியே பாக்களவில் ஒரு வீக்கம். நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிகாரியார் பற்றுப் போடுகிறார். இன்னொன்று, எழுதத் தேவையில்லாத விஷயம்: தேத்தண்ணீர் குடிக்கும்போது உதட்டோரத்தால் வடிகிறது, அது அவளுக்குத் தெரிவதில்லை. "மலாயாவுக்குப் போறவளுக்கு இன்னும் கோப்பை பிடிக்கத் தெரியேல்லை" என்று மாமி பகிடி பண்ணுகிறார். கப்பலுக்கு முன் எல்லாம் ஆறிவிடும்.

உமது நலத்தைக் கோரும்,
அருளம்பலம்

*

தைப்பிங்,
3-2-1937

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. மாமிக்கு மூட்டுவலி எப்படி என்று எழுதவில்லையே?

எழுதத் தேவையில்லாத விஷயம் என்று நீங்கள் எழுதியதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கீழ் உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு தாடை எலும்பின் உள்ளேயுள்ள ஒரு குழாய் வழியாக வருகிறது. பல்லில் சீழ் பிடித்தால் நோகும். மரத்துப்போவது குறைவு. எலும்புக்குள் வேறு ஏதாவது வளர்ந்து அந்த நரம்பை நெரித்தால் உதடு மரக்கும்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். பாலேசைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத்திரியால் உதட்டின் இரண்டு பக்கமும் மெல்லத் தொடுங்கள். தொட்டது தெரிகிறதா என்று கேளுங்கள். வலப்பக்கம் தெரியவில்லை என்றால் அடுத்த நாளே ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு சிறு துண்டு வெட்டி, பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்குக் கொழும்புக்கு அனுப்பும்படி டொக்டரைக் கேளுங்கள். வெளியே பார்த்தால் கெட்டதும் நல்லதும் ஒரே மாதிரி. எங்கள் பெரிய டொக்டருக்கே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சூடான பற்று ஒன்றும் வேண்டாம்.

அவளைப் பயப்படுத்த வேண்டாம். பல்லுக்காக என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
சீவரத்தினம்

*

ஏழாலை,
24-2-1937

மருமகனுக்கு,

மாமியின் மூட்டுவலி மாறவும் இல்லை, கூடவும் இல்லை. உமது உடல்நிலையை எழுதும்.

நீர் சொன்னபடி செய்தேன். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொன்னேன். இடப்பக்கம் தொட்டேன். "ஓம், தெரியுது" என்றாள். வலப்பக்கம் தொட்டேன். திரும்பவும் தொட்டேன். மூன்றாம் தரம் கொஞ்சம் அழுத்தியே தொட்டேன்.

"தொடுங்கோவன் ஐயா, ஏன் சும்மா நிக்கிறியள்?" என்றாள்.

திரியை மடிக்குள் வைத்துக்கொண்டு, "போதும் பிள்ளை, கண்ணைத் திற" என்றேன்.

அடுத்த நாளே போனோம். டொக்டர் நல்ல மனிதர். எக்ஸ்ரே படம் பிடித்தார். படத்தில் எலும்பின் ஓரம் நேராக இல்லாமல், சூரியனுக்குச் சின்னப்பிள்ளைகள் கீறும் கதிர்களைப்போலக் கோடு கோடாக நிற்கிறது. பதினெட்டாம் தேதி ஒரு சிறு துண்டு வெட்டினார். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்று உமது பெரிய டொக்டர் சொன்னதையே இவரும் சொன்னார். எனக்கு விளங்கியது. ஒரே மாதிரிக் கையெழுத்துள்ள இரண்டு பிள்ளைகளின் விடைத்தாள்களைப் பெயரில்லாமல் தந்தால் நானும் திண்டாடுவேன். உள்ளே போய் எழுத்துப் பிழைகளைப் பார்த்தால்தான் எவன் எழுதியது என்று தெரியும்.

துண்டை மருந்துத் தண்ணீர்ப் போத்தலில் போட்டு, மரப்பெட்டிக்குள் வைத்து என்னிடம் தந்தார்கள். தபாலில் தாமதிக்கும், சொந்தக்காரர் றெயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் விரைவு என்றார் டொக்டர். பத்தொன்பதாம் தேதி காலை அதை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். இனிப் பதில் வரவேண்டியதுதான்.

அருளம்பலம்

*

தைப்பிங்,
14-3-1937

மாமா அவர்களுக்கு,

நான் சுகமே. நீங்கள் இந்த வயதில் கொழும்புக்கு அலைந்ததை நினைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என் கடமையை நீங்கள் செய்தீர்கள்.

கொழும்பில் பத்து நாளுக்குள் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கடிதம் கிடைக்கும்போது பதில் உங்கள் கையில் இருக்கும். அதிலுள்ளதை ஒரு எழுத்துக்கூட விடாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள். எக்ஸ்ரேயில் கதிர்கள்போலத் தெரிந்தது நல்லதில்லை. பெரிய டொக்டரிடம் கதைத்தேன். எலும்பிலிருந்து பிறக்கும் கெட்ட கழலை தாடையில் வருவது அபூர்வம், அவர் தம் வாழ்நாளில் இரண்டுதான் கண்டவராம். அப்படியென்றால் உடனே கொழும்பில் தாடையின் பாதியை எடுக்க வேண்டும். அது மார்புக்கு இறங்கினால் பிறகு கத்திக்கு வேலை இல்லை. பதில் இல்லாமல் எந்தச் சத்திர வைத்தியரும் ஒரு பெண்ணின் தாடையை அறுக்க மாட்டார். ஆகவே அந்தக் கடதாசிதான் எல்லாம்.

பங்குனிக் கப்பல் பயணத்தை நிறுத்திவிட்டேன். பாலேசுக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள். மாமியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

சீவரத்தினம்

*

ஏழாலை,
2-4-1937

மருமகன் சீவரத்தினத்துக்கு,

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. கிணற்றில் நீர் இறங்குகிறது. உமக்கு அங்கே தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்பது ஒரு ஆறுதல். மாமி சுகம். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நடந்தது. பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

கொழும்பிலிருந்து இன்னும் பதில் இல்லை. அரசாங்கக் காரியங்கள் இப்படித்தான். ஒரு வருடம் எங்கள் பிள்ளைகளின் சோதனை முடிவு இரண்டு மாதம் பிந்தி வந்தது. பிந்தி வந்ததால் ஒருவரும் தோற்றுப்போகவில்லை.

பிள்ளைக்கு வீக்கம் சற்றுக் கூடியிருக்கிறது. கஞ்சியாகக் கரைத்துக் குடிக்கிறாள். பரிகாரியார் சூடில்லாத வேறு பற்றுப் போடுகிறார். பட்டணத்துக்குப் போய்வருவது அவளுக்கு அலுப்பு என்பதால் போன மாதம் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அருளம்பலம்

*

ஏழாலை,
5-4-1937

அன்புள்ள அத்தானுக்குப் பாலேஸ்வரி எழுதுவது.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? மெலிந்துவிட்டீர்கள் என்று போன தரம் அனுப்பின படத்தைப் பார்த்து அம்மா சொன்னா. என்னை நீங்கள் இப்போது பார்த்தால் இரண்டு மனைவி இருக்கிறதாக நினைப்பீர்கள். இடப்பக்கம் நின்றால் பழையவள், வலப்பக்கம் நின்றால் யாரோ.

ஒரு விஷயம் எழுதவேண்டும். இதற்குப் பதிலை ஐயாவின் கடிதத்துக்குள் வைக்காமல் தனியாக எழுதுங்கள்.

போத்தல் கொழும்புக்குப் போகவில்லை.

பெட்டி வீட்டுக்கு வந்த நாள் அம்மா சமைக்கவில்லை. குசினிக்குள் ஐயாவோடு மெல்லமாகக் கதைத்தது எனக்குக் கேட்டது.

"பிள்ளையின்ரை தசை போத்திலுக்கை அழியாமல் கிடக்குமட்டும் பிள்ளையின்ரை புண் ஆறாது. கண்டவன் கத்தியாலை கிண்டிப் பாக்க விடாதேங்கோ. கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலிலை கரைச்சுப்போட்டு வாங்கோ."

"விசர்க்கதை கதைக்காதை கனகம். கொலிச்சிலை படிக்கிற பெடியள் தவளையை வெட்டிப் பாக்கிறேல்லையோ, அதுமாதிரித்தான்."

"தவளைக்குத் தாய் இல்லை" என்றா அம்மா.

காலையில் ஐயா பெட்டியோடு சுன்னாகம் ஸ்ரேசனுக்கென்று வெளிக்கிட்டார். அம்மாவின் கதையைக் கேட்கிற மனிதர் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். மத்தியானம் திரும்பி வந்துவிட்டார். கொழும்புக்குப் போனவர் மத்தியானம் வருவாரா? வேட்டிக்கரை நனைந்து மணல் ஒட்டியிருந்தது. "ஆசுபத்திரி ஆள் ஒருத்தர் ஸ்ரேசனிலை நிண்டு வாங்கிக்கொண்டு போட்டார் பிள்ளை" என்று என் முகத்தைப் பாராமல் சொன்னார். அதற்குப் பிறகு, டொக்டர் கேட்பார் என்ற பயத்தில் என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதையும் விட்டுவிட்டார். உங்கள் கடிதம் வரும் நாளில் சாப்பிடமாட்டார்.

அத்தான், இனி அவரிடம் கொழும்பைப் பற்றிக் கேட்காதேங்கோ. எனக்குத் தெரியும் என்று, நான் இருக்குமட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. வேறு வழி இருந்தால் நீங்கள் செய்யுங்கள்.

எல்லாரும் என்னிடம் பல்லு என்கிறார்கள். இதற்கு ஒரு பெயர் இருக்கும்தானே? அதை எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள்,
பாலேஸ்வரி

*

தைப்பிங்,
23-4-1937

மாமா அவர்களுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. மாமியின் மூட்டுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன்.

கொழும்புப் பதிலை எதிர்பார்த்திருக்க வேண்டாம். வெட்டிய துண்டு சிறிதாக இருந்தால் ஒன்றும் தெரியாமல் போவதுண்டு. எங்கள் ஆசுபத்திரியிலும் அப்படி நடப்பது வழக்கம், அதில் ஒருவருடைய பிழையும் இல்லை. இன்னொரு துண்டு எடுக்கும்படி அங்குள்ள டொக்டருக்கு நானே எழுதிவிட்டேன். அதை ஆசுபத்திரியே கொழும்புக்கு அனுப்பும். நீங்கள் அலைய வேண்டாம். பதிலில் ஒரு பிரதி எனக்கும் வரும். பாலேசைக் கூட்டிக்கொண்டு போனால் மட்டும் போதும். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே போங்கள் மாமா.

சீவரத்தினம்

*

தைப்பிங்,
23-4-1937

அன்புள்ள பாலேசுக்கு,

நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கஞ்சி ஆறினபிறகு குடியும். பாயில் சரிந்து படுக்காமல் தலையணையை உயர்த்திப் படுத்தால் நோவு குறையும்.

நீர் எழுதியதை வாசித்த அன்று ஆசுபத்திரி வாட்டில் மூன்று பேருக்கு மருந்தைப் பிழையாக மாற்றிக் கட்டிவிட்டு, மூன்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். மாமாவிடம் நான் கேட்க மாட்டேன். வழி செய்திருக்கிறேன்.

பெயர் இன்னும் எனக்கும் தெரியாது. தெரிந்தால் முதலில் உமக்குத்தான் சொல்வேன். இது சத்தியம்.

இரண்டு மனைவி இருக்கட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சேலை வாங்கி வைத்திருக்கிறேன்.

சீவரத்தினம்

*

ஏழாலை,
6-6-1937

மருமகனுக்கு,

தைலம் கிடைத்தது. மாமி பூசுகிறார்.

உமது கடிதம் கிடைத்த மறுநாள், வைகாசி (மே) மாதம் பத்தாம் தேதி, போனோம். டொக்டர் ஒன்றும் விசாரிக்காமல் துண்டை வெட்டி அனுப்பினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், ஒரு கேள்வியும் வரவில்லை. பதில் பதினான்கு நாளில் வந்துவிட்டது. உமக்கும் வந்திருக்கும்.

பிள்ளைக்கு இருமல் தொடங்கியிருந்ததால் மார்பையும் படம் பிடித்தார்கள். பிறகு டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "வீட்டை கூட்டிக்கொண்டு போங்கோ மாஸ்டர். கொழும்புக்குக் கொண்டுபோய் அலைக்கழிக்காதேங்கோ" என்றார். இங்கிலீசில் ஒரு பெயரும் சொன்னார். நான் திருப்பிக் கேட்கவில்லை. முப்பத்துநான்கு வருடம் படிப்பித்த காலத்தில், விளங்காததைத் திருப்பிக் கேள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

மாட்டுவண்டியில் வரும்போது பிள்ளை கேட்டாள்: "என்ன பேர் சொன்னவர் ஐயா?"

"வீக்கம் எண்டுதான் சொன்னவர்" என்றேன். "உதுக்கு ஒரு டொக்டர் வேணுமே?" என்று சிரிக்கப் பார்த்தாள். இப்போது வாய் அரை விரல்தான் திறக்கிறது.

லீவு கிடைத்தால் வாரும். பிந்த வேண்டாம்.

அருளம்பலம்

*

தைப்பிங்,
19-6-1937

அன்புள்ள பாலேசுக்கு,

எனக்கு மூன்று மாத லீவு கிடைத்துவிட்டது. ஆடி (ஜூலை) மாதம் பத்தாம் தேதிக் கப்பலில் ஏறுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றிலும் இடம் இல்லை. பினாங்கு வரை போய்க் கெஞ்சிப் பார்த்தேன். சேலையைக் கையோடு கொண்டுவாறன்.

பெயரை நேரில் சொல்கிறேன். இருமலுக்கு வெந்நீர் ஆவி பிடியும்.

சீவரத்தினம்

*

ஏழாலை,
4-7-1937

மருமகன் சீவரத்தினத்துக்கு,

தந்தி கிடைத்திருக்கும். ஆனி (ஜூன்) மாதம் இருபத்தைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, விடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளை போய்விட்டாள். மூச்சுத்தான் கஷ்டமாக இருந்தது. கடைசி இரண்டு நாளும் கதைக்கவில்லை. கையால் சைகை காட்டி, உமது கடிதம் வந்ததா என்று கேட்டாள். அது முப்பதாம் தேதி வந்தது. உடைக்காமல் வைத்திருக்கிறேன்.

நீர் சுகமா என்று கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

உமக்கு ஒன்று சொல்லவேண்டும். மாசி மாதம் தந்த போத்தலை நான் கொழும்புக்குக் கொண்டுபோகவில்லை. கீரிமலையில் கடலில் போட்டேன். மாமி அப்படிச் செய்யும்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானே செய்தேன். ஸ்ரேசனில் றெயில் வந்து நின்றது. ஏறவில்லை.

என்னோடு தம்பிஐயா என்று ஒரு வாத்தியார் படிப்பித்தார். இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்த உறையை ஒரு மாதம் உடைக்காமல் அலுமாரிக்குள் வைத்திருந்தார். "உடைக்காட்டில் உள்ளை இருக்கிற எழுத்து மாறிப்போமோ?" என்று நான்தான் எல்லாருக்கும் முன்னால் அவரைப் பகிடி பண்ணினேன். இப்போது அவர் எனக்கு விளங்குகிறார். அந்தப் போத்தல் போய்ச் சேர்ந்தால் ஒரு சொல் திரும்பி வரும். போகாவிட்டால் அந்தச் சொல் இல்லை. பஞ்சுத்திரியால் தொட்ட நாளிலிருந்து நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசி (பெப்ரவரி) பத்தொன்பது தொடங்கி வைகாசி பத்து வரை எண்பது நாள். அந்த எண்பது நாள் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பாளா? உமக்குத் தெரியும். எனக்காக விடையை மாற்ற வேண்டாம்.

அருளம்பலம்

*

தைப்பிங்,
20-7-1937

மாமாவுக்கு,

தந்தி கிடைத்த அன்றே கப்பல் இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை இதற்குள் நீங்களே செய்திருப்பீர்கள்.

போத்தலைப் பற்றி எனக்குச் சித்திரையிலேயே தெரியும். பாலேஸ் எழுதினா. நீங்கள் திரும்பி வந்த அன்றே அவவுக்குத் தெரியும். தான் இருக்குமட்டும் உங்களுக்குத் தெரியக்கூடாது என்று கேட்டிருந்தா. அதனால்தான் துண்டு சிறிது என்று உங்களுக்கும், போத்தல் வழியில் உடைந்துவிட்டது என்று டொக்டருக்கும் எழுதினேன்.

பெயரை முதலில் அவவுக்குச் சொல்வதாகச் சத்தியம் செய்திருந்தேன். பதிலின் பிரதி ஆனி மாதம் எட்டாம் தேதி எனக்குக் கிடைத்தது. ஒரு கடிதத்தில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, நேரில் சொல்வதாக வேறு தாளில் எழுதினேன். நீங்கள் உடைக்காமல் வைத்திருப்பது அதைத்தான். ஆகவே றெயிலில் ஏறாதவர் நீங்கள் மட்டும் இல்லை. அதன் பெயர் ஒஸ்டியோ சார்கோமா. எலும்பிலிருந்தே பிறப்பது.

உங்கள் கேள்வியைப் பெரிய டொக்டரிடம் கேட்டேன், யாருடைய காரியம் என்று சொல்லாமல். மாசியில் பாதித் தாடையை எடுத்திருந்தால் பத்துப் பேரில் ஒருவர், சிலவேளை இருவர் பிழைத்திருக்கலாம் என்றார். வைகாசியில் ஒருவரும் இல்லை. மாற்ற வேண்டாம் என்றீர்கள், மாற்றவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உங்களை வெறுக்கிறேன் என்று எழுதினாலும் பொய்தான். இரண்டையும் எழுதாமல் விடுகிறேன்.

மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் மருமகன் என்ன எழுதியிருக்கிறார் என்று அவர் கேட்பார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இதற்குக் கீழே உள்ளதை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். கேட்கும் நேரமெல்லாம் திரும்பவும் வாசித்துக் காட்டுங்கள்.

அன்புள்ள மாமிக்கு, நான் நல்ல சுகம். பெரிய டொக்டரை விசாரித்தேன். இந்த வருத்தத்துக்கு எப்போது பார்த்திருந்தாலும், எங்கே கொண்டுபோயிருந்தாலும் முடிவு ஒன்றுதானாம். ஒருவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாதாம். தைலத்தை விடாமல் பூசுங்கோ. வேளைக்குச் சாப்பிடுங்கோ.

உங்கள் மருமகன்,
சீவரத்தினம்